பின்நவீனத்துவம்: எந்த நவீனத்துக்குப் பின்?

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "பின்நவீனத்துவம் என்றால் என்ன என்று ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். ஐந்தாவது ஆள், 'அதை வரையறுக்கவே முடியாது, வரையறுத்துவிட்டால் அது பின்நவீனத்துவமே இல்லை' என்று முடித்துவிட்டார். உண்மையிலேயே முடியாதா, அல்லது யாருக்கும் தெரியாதா? அட்டையில் 'பின்நவீனத்துவ நாவல்' என்று போட்டிருந்தால் நான் எதை எதிர்பார்ப்பது?"

அந்த ஐந்தாவது ஆளை முதலில் விட்டுவிடலாம். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று கடவுளுக்குச் சொல்வதை ஒரு கலைப் பாணிக்கும் சொல்வது கொஞ்சம் அதிகம். வரையறுக்க முடியாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வரையறுக்க முயன்று பார்க்காதவர்கள்.

என் பதில் எளிமையானது. சிக்கல் "பின்" என்பதில் இல்லை, "நவீனம்" என்பதில் இருக்கிறது. தெருவில் நான்கு செந்தில் இருந்தால், "எந்தச் செந்தில்? மெக்கானிக்கா, பால்காரரா?" என்று கேட்டுக்கொண்டுதான் மேலே பேசுவோம். இங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கட்டடக் கலையில் நவீனம் என்பது ஒன்று, இலக்கியத்தில் வேறொன்று, தத்துவத்தில் முந்நூறு ஆண்டு நீளமுள்ள இன்னொன்று, பொருளாதாரம் பேசுகிறவர்களுக்கு மற்றொன்று. நான்குக்கும் முன்னால் ஒரே "பின்"னைப் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு வரியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கட்டடக் கலையில் தொடங்குகிறேன். அங்கேதான் இந்தச் சொல்லுக்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருள் இருக்கிறது. அங்கே நவீனம் எது என்பதில் பெரிய தகராறு கிடையாது. 1920களிலிருந்து லெ கொர்பூசியே, மீஸ் வான் டெர் ரோஹெ போன்ற கட்டடக் கலைஞர்கள் கொண்டுவந்த பாணி அது. கான்கிரீட், இரும்பு, கண்ணாடி, தட்டையான கூரை. வேலைக்கு உதவாத ஒரு பூவேலைப்பாடுகூடச் சுவரில் இருக்கக் கூடாது. மீஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மந்திரம் "குறைவே நிறைவு". 1966இல் ராபர்ட் வென்டூரி என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அதற்கு ஒரு புத்தகத்தில் பதில் சொன்னார். தமிழில் சொன்னால், "குறைவே அறுவை". ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் 'more' என்று முடிகிறது, இரண்டாவது அதே ஓசையில் 'a bore' என்று முடிகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நியூயார்க்கின் மாடிசன் அவென்யூவில் 1984இல் முடிந்த ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் தலைமையகத்தைப் பாருங்கள். 37 மாடி, இளஞ்சிவப்புக் கிரானைட். உச்சியில் கண்ணாடிப் பெட்டியின் தட்டைத் தலைக்குப் பதிலாக ஒரு முக்கோண முகப்பு, அதன் நடுவில் வட்டமாக ஒரு வெட்டு. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வீட்டு மர அலமாரிகளின் தலையில் இருந்த அதே வேலைப்பாடு. தாத்தா வீட்டுத் தேக்கு பீரோவை 37 மாடிக்கு ஊதிப் பெரிதாக்கி நடுத்தெருவில் நிறுத்தியது போல. இதில் வேடிக்கை, கட்டியவர் யார் என்பதுதான். பிலிப் ஜான்சன். 1932இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்து, அந்தப் பூவேலையற்ற பாணிக்குச் "சர்வதேசப் பாணி" என்று பெயர் சூட்டியவர்களில் ஒருவர். அதே ஊரில் 1958இல் முடிந்த சீக்ரம் கட்டடத்தில் மீஸோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பூசாரியே சாமியைத் தூக்கி வெளியே வைத்த கதை.

இந்தப் பாணிக்கு ஒழுங்கான வரையறையும் உண்டு. சார்லஸ் ஜென்க்ஸ் என்ற கட்டடக்கலை விமர்சகர் கொடுத்தது: இரட்டைக் குறி. கட்டடம் நவீனத் தொழில்நுட்பத்தால் எழ வேண்டும், கூடவே பழைய மரபு எதையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தெருவில் போகிறவரோடும் பேசும், விஷயம் தெரிந்தவரோடும் பேசும். உடனே நமக்குச் சிலேடை நினைவுக்கு வரும். காளமேகம் ஒரே வெண்பாவில் பாம்பையும் எள்ளையும் பாடினாரே! ஆனால் அது முழுக்க ஒப்பாகாது. சிலேடையில் கேட்பவர் ஒருவர், பொருள் இரண்டு. ஜென்க்ஸ் சொல்வதில் கேட்பவர்களே இரண்டு கூட்டம்.

ஆக, கட்டடக் கலையில் வரையறை கிடைத்துவிட்டது. பிறந்த நாள்கூட உண்டு. 1977இல் வந்த தன் புத்தகத்தில் ஜென்க்ஸ் எழுதினார்: நவீனக் கட்டடக் கலை 1972 ஜூலை 15 பிற்பகல் 3.32 மணிக்கு, அல்லது அதை ஒட்டி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இறந்தது. ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பை வெடி வைத்துத் தகர்த்ததைத்தான் அப்படிச் சொன்னார். அது 1950களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்டது. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடுகள். வடிவமைத்தவர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களையும் இவர்தான் வடிவமைத்தார் என்பது தனிச் சோகம்.

அந்தக் குடியிருப்பின் லிஃப்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது எல்லா மாடியிலும் நிற்காது. 1, 4, 7, 10 ஆகிய மாடிகளில் மட்டும் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் அங்கே இறங்கி, படியேறியோ இறங்கியோ வீட்டுக்குப் போக வேண்டும். செலவும் மிச்சம், நாலு பேர் சந்தித்துப் பேசவும் இடமாகும் என்று கணக்குப் போட்டார்கள். தாளில் அழகான கணக்கு. நடைமுறையில் விளக்கெரியாத அந்தப் படிக்கட்டுகளில் போகவே மக்கள் பயந்தார்கள். நவீனத்தின் மீது பின்நவீனம் வைத்த வழக்கு முழுவதும் இந்த லிஃப்டுக்குள் அடங்கும்: மனிதர்கள் எப்படி வாழ வேண்டும் என்பதை மேலிருந்து ஒருவர் தீர்மானித்துவிட்டார், வாழ்கிறவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் கொஞ்சம் கிட்டே போனால் கதை ஆட்டம் காண்கிறது. முதல் வெடி வைத்தது 1972 மார்ச்சில். அந்த 3.32 மணி தான் இட்டுக்கட்டியதுதான் என்று ஜென்க்ஸே பின்னால் ஒப்புக்கொண்டார். குடியிருப்பு பரிசு வாங்கியது என்றும் எழுதியிருந்தார்; அப்படி எந்தப் பரிசும் அதற்குக் கிடைக்கவில்லை. கட்டடக்கலை ஆய்வாளர் கேத்தரின் பிரிஸ்டல் 1991இல் எழுதிய கட்டுரை, குடியிருப்பு பாழானதற்கு வடிவமைப்பு மட்டும் காரணமில்லை என்று எடுத்துக் காட்டியது. 1950இல் எட்டரை லட்சத்துக்கு மேல் இருந்த செயின்ட் லூயிஸ் மக்கள்தொகை 1970இல் 6.2 லட்சமாகச் சரிந்திருந்தது. வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பராமரிப்புச் செலவைக் குடியிருப்பவர்கள் தரும் வாடகையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வீடுகள் காலியானால் வாடகை குறையும். வாடகை குறைந்தால் லிஃப்டை யார் பழுது பார்ப்பது? 1969இல் குடியிருப்பவர்கள் வாடகை தர மறுத்துப் போராடவும் செய்தார்கள்.

எனவே பின்நவீனத்துவ வரலாற்றிலேயே நிமிஷக் கணக்கோடு இருக்கும் ஒரே தேதி, ஒருவர் கைச்சரக்கு. அதற்காகப் பாணியே பொய் என்று சொல்ல மாட்டேன். பீரோத் தலைக் கட்டடம் இன்னும் மாடிசன் அவென்யூவில்தான் நிற்கிறது.

இலக்கியத்துக்கு வந்தால் அந்த அளவு தெளிவு கிடையாது. காரணம், இலக்கிய நவீனத்துவம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரானது. நாவலாசிரியர் ஜாய்ஸ், கவிஞர் எலியட் இருவரும் தங்கள் முக்கியப் படைப்புகளை வெளியிட்டது 1922இல். அவற்றில் ஒழுங்கான கோடு எங்கே இருக்கிறது? சிதறல், மேற்கோள், கேலி, பழம்புராணம், பல குரல் எல்லாம் அவற்றிலேயே குவிந்து கிடக்கின்றன. கட்டடக்காரர்கள் நவீனத்துக்கு எதிராக எதைக் கொண்டுவந்தார்களோ, அது இலக்கிய நவீனத்துவத்தின் சொந்தச் சரக்கு. அப்படியானால் அதற்குப் "பின்" வந்தவர்களின் சரக்கு எது?

எகிப்தில் பிறந்த அமெரிக்க விமர்சகர் இஹாப் ஹசன் இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் போட்டார். இடப் பக்கம் வடிவம், நோக்கம், திட்டம், படிநிலை. வலப் பக்கம் எதிர்வடிவம், விளையாட்டு, தற்செயல், ஒழுங்கின்மை. உலகம் முழுக்க மாணவர்கள் இதைத்தான் தேர்வில் எழுதுகிறார்கள். இந்தக் கோடு உறுதியானதல்ல, இரண்டு பக்கத்துக்கும் விதிவிலக்குகள் நிறைய என்று ஹசனே எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் நகல் எடுக்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பட்டியல் ஏன் ஓடாது என்பதற்கு ஒரு சோதனை போதும். கதாபாத்திரம் தன்னைப் பற்றிய புத்தகத்தையே பேசுவது பின்நவீனத்துவ அடையாளம் என்பார்கள். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1615இலேயே 'டான் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகத்தில் அதைச் செய்துவிட்டார். அங்கே வருகிறவர்கள் முதல் பாகத்தைப் படித்திருக்கிறார்கள்! இத்தாலிய நாவலாசிரியர் உம்பர்ட்டோ எக்கோ 1980களிலேயே அலுத்துக்கொண்டார்: இந்தச் சொல்லை எதற்கு வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள், பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போகிறார்கள், விட்டால் ஹோமரும் பின்நவீனத்துவர் ஆகிவிடுவார்.

எக்கோ வெறும் அலுப்போடு நிற்கவில்லை. ஓர் உதாரணம் சொன்னார், நான் பார்த்ததில் இலக்கியத்துக்கு அதுதான் சிறந்தது. நன்றாகப் படித்த ஒரு பெண்ணிடம் "உன்னை வெறித்தனமாக நேசிக்கிறேன்" என்று சொல்ல ஒருவன் ஆசைப்படுகிறான். சொல்ல முடியாது. மலிவான காதல் நாவல்கள் அந்த வரியைத் தேய்த்துவிட்டன என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது இவனுக்கும் தெரியும். வழி என்ன? அந்த மாதிரி நாவல் எழுதுகிறவரின் பெயரைச் சொல்லி, "அவர் பாஷையில் சொன்னால், உன்னை வெறித்தனமாக நேசிக்கிறேன்" என்கிறான். வெகுளியாக நடிக்கவும் இல்லை, காதலைச் சொல்லாமலும் இல்லை. நம் ஊரில் "சினிமா டயலாக் மாதிரி இருக்கும், ஆனா நிஜமாத்தான் சொல்றேன்" என்று தொடங்குகிறவர்கள் எல்லோரும் இந்தக் கட்சிதான். தேய்ந்துபோன சொல்லைத் தேய்ந்தது என்று தெரிந்தே எடுத்துக் கையாள்வது. பட்டியலைவிட இது பயன்படும்.

தத்துவத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதாருடையது. சுருக்கிச் சொன்னால், பின்நவீனம் என்பது பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை. அறிவியல் வளர வளர மனித குலம் விடுதலை அடையும், வரலாறு ஒரு திசையில்தான் போகிறது என்பது போன்ற மாபெரும் கதைகள்தாம் பெருங்கதையாடல்கள். இங்கே நவீனம் என்றால் கண்ணாடிக் கட்டடம் இல்லை, ஜாய்ஸ் இல்லை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிவொளி இயக்கத்திலிருந்து வரும் நம்பிக்கைத் தொகுப்பு. வயது, அளவு, எல்லாமே வேறு.

இந்த வரி எங்கே பிறந்தது என்று தெரிந்தால் நிறைய பேர் சிரிப்பார்கள். அது ஓர் அரசாங்க அறிக்கை. கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பல்கலைக்கழகக் குழு, வளர்ந்த நாடுகளில் அறிவின் நிலை பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டது. 1979இல் புத்தகமாக வந்தது. கணினி வந்த பிறகு அறிவு விற்பனைச் சரக்காக மாறும், அதை யார் வைத்திருப்பது என்று நாடுகள் மோதிக்கொள்ளும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 1979க்கு அது நல்ல கணிப்பு. அதை விட்டுவிட்டு முன்னுரையில் வரும் ஒரு வரியை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. லியோதாரே பிற்காலத்தில் ஒரு பேட்டியில், தன் புத்தகங்களிலேயே மோசமானது அதுதான் என்றார்.

வழக்கமான மடக்குக் கேள்வி உங்களுக்கும் தோன்றியிருக்கும்: "பெருங்கதைகள் முடிந்தன என்பதும் ஒரு பெருங்கதைதானே?" நியாயமான கேள்விதான். ஜெர்மன் தத்துவவாதி யுர்கென் ஹேபர்மாஸ் 1980இல் ஆற்றிய உரையில் வேறு பக்கமிருந்து வந்தார்: நவீனம் என்பது இன்னும் முடியாத வேலை, அதற்குள் காரியம் செய்யக் கிளம்பினால் எப்படி? லியோதாரும் சும்மா இருக்கவில்லை. 1982இல் எழுதிய கட்டுரையில் பின்நவீனம் நவீனத்துக்குப் பிறகு வருவதே இல்லை, ஒரு படைப்பு முதலில் பின்நவீனமாக இருந்தால்தான் பிறகு நவீனமாக முடியும் என்றார். பிள்ளை பிறந்த பிறகு அப்பன் பிறந்த கணக்கு. வரையறை தேடி வந்தவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவது இயல்பு. அவர் சொல்ல வந்தது, புதிய விதி தேடும் கணத்துக்குத்தான் அந்தப் பெயர், காலத்துக்கு அல்ல என்பது. சரி, அப்படியானால் வேறு சொல் வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

நான்காவது ஆள் மார்க்சியர். அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் 1984இல் எழுதிய நீண்ட கட்டுரைப்படி இது பாணியும் இல்லை, மனநிலையும் இல்லை. முதலாளித்துவத்தின் பிந்தைய கட்டத்துப் பண்பாடு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாம் எல்லோரும் அதற்குள் இருக்கிறோம். அவர் காட்டும் இடம் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் பொனவென்ச்சர் ஓட்டல். கட்டியவர் ஜான் போர்ட்மன். வெளியே தெருவைத் திருப்பிக் காட்டும் கண்ணாடிச் சுவர், உள்ளே நான்கு கோபுரமும் ஒரே மாதிரி. வழி தெரியாமல் ஆட்கள் தவித்ததால் பிற்பாடு நிறம் பூசி, அம்புக்குறி போட்டு வழி காட்ட வேண்டியதாயிற்று. உள்ளிருக்கும் கடைகளை வாடிக்கையாளர் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஓட்டலுக்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாதது போலவே, உலகச் சந்தைக்குள்ளும் எங்கே நிற்கிறோம் என்று நமக்குத் தெரியவில்லை என்கிறார். கவனியுங்கள், லியோதார் முடிந்தது என்று சொன்ன பெருங்கதைகளில் மார்க்சியமும் ஒன்று. அதே பெருங்கதையை வைத்து ஜேம்சன் பின்நவீனத்தையே விளக்குகிறார். லியோதார் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதியவரும் இதே ஜேம்சன்தான்.

இதற்கு மேல் இன்னொரு குழப்பம். கட்சித் தலைவர்கள் என்று நாம் படம் மாட்டி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் உறுப்பினர் அட்டையே வாங்கவில்லை. 1983இல் ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டபோது, எதைப் பின்நவீனம் என்கிறீர்கள், எனக்குப் புதுச் செய்தி தெரியாதே என்கிற மாதிரி பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ பதில் சொன்னார். இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரான தெரிதாவும் அந்தப் பெயரைத் தனக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. "குறைவே அறுவை" வென்டூரியும் தான் பின்நவீனத்துவர் இல்லை என்றே சொல்லிவந்தார். ஸ்பானிய விமர்சகர் ஃபெடரிகோ தெ ஓனிஸ் 1934இலேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்; அவர் அதில் குறித்ததோ ஸ்பானிய மொழிக் கவிதையில் வந்த ஓர் அடக்கமான திருப்பத்தை. இன்றைய பொருளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு நம் பங்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். நவீன காலத்தின் தன்மை ஒன்று, நவீனக் கலை இயக்கம் இன்னொன்று. இரண்டையும் "நவீனத்துவம்" என்றே பலரும் எழுதினோம். இதற்கு முன்னால் நாவலையே "நவீனம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாம். "சரித்திர நவீனம்" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அப்புறம், அமைப்பியல், பின்அமைப்பியல், மாய யதார்த்தம், பின்நவீனத்துவம் எல்லாம் மேற்கில் வேறு வேறு ஊரில், வேறு வேறு பத்தாண்டில் வந்தவை. இங்கே 1980, 90களில் சிறுபத்திரிகைகள் வழியாக ஒரே பார்சலில் வந்து இறங்கின. கொலம்பிய நாவலாசிரியர் மார்க்கேஸும் பிரான்சின் தெரிதாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்து வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. நானும் அதில் ஒருவன். ஆனால் அந்தப் பார்சல் வீண் போகவில்லை. 'நிறப்பிரிகை' போன்ற இதழ்களில் பெருங்கதையாடல் பற்றிய பேச்சு தலித் இலக்கியம், விளிம்புநிலை பற்றிய பேச்சோடு சேர்ந்து வந்தது. "மனிதன்" என்று பொதுவாகச் சொல்லும்போது எந்த மனிதனைச் சொல்கிறாய் என்ற கேள்விக்கு இங்கே பாரிஸைவிட உடனடியான பொருள் இருந்தது.

"உண்மை என்று ஒன்றும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம்" என்பதுதான் பின்நவீனத்துவம் என்று யூடியூபில் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அது வசைச் சொல்லாகிப்போன ஐந்தாவது பொருள். 1996இல் ஆலன் சோகல் என்ற இயற்பியலாளர் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கட்டுரையை ஓர் அமெரிக்க ஆய்விதழ் வெளியிட்டு மாட்டிக்கொண்டது இந்த வசைக்கு நல்ல தீனி போட்டது. சோகல் காட்டியது உண்மையான ஓட்டைதான். ஆனால் அது அந்த இதழின் கதவில் இருந்த ஓட்டை; அதை வைத்து பொனவென்ச்சர் ஓட்டலையோ எக்கோவின் காதலனையோ தள்ளுபடி செய்ய முடியாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, அந்த அட்டை. பெரும்பாலும் அது பதிப்பாளர் ஒட்டிய ஸ்டிக்கர். புத்தகத்தைத் திறந்து முதல் இருபது பக்கம் படியுங்கள். கதை முன்னும் பின்னும் தாவுகிறது, அத்தியாயத்துக்கு எண் இல்லை, ஒரு பேய் வருகிறது என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளமும் உண்டு, கதைக்குள் கதையும் உண்டு. எழுதியவர் ஏற்கெனவே சொல்லித் தேய்ந்த ஒரு கதையை, ஒரு வரலாற்றை, ஒரு நடையைத் தேய்ந்தது என்று தெரிந்தே கையில் எடுத்திருக்கிறாரா, எடுத்தபின் அதை வைத்து ஏதாவது செய்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எடுத்திருந்தால் எந்த நவீனத்துக்குப் பின் என்பதை அந்தப் பக்கங்களே சொல்லிவிடும். இல்லையென்றால் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுச் சாதாரண நாவலாகப் படியுங்கள். நல்ல நாவலாகவே இருக்கக்கூடும்.